பத்து நாள் கெடு

அந்தப் பைய மேல வைக்காத பாப்பா, மடியிலயே இருக்கட்டும். நீ ஜன்னல் ஓரமா உக்காந்துக்க, எனக்கு எதுக்காத்து ஆகாது. கனமெல்லாம் இல்ல. மேல வச்சா இந்த டிரைவரு போடுற பிரேக்குக்குக் கீழ விழுந்துரும். விழுந்தா எங்க வீட்டுக்காரரோட கொரலு போயிரும். சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன்.

நீயும் லேப்டாப்புதான வச்சிருக்க? கம்ப்யூட்டர் வேலையா? ரிப்பேரும் பாப்பியா? அப்ப அந்த ஆத்தாதான் உன் பக்கத்துல எனக்கு எடம் போட்டுக் கொடுத்திருக்கா. மதுரை போயிச் சேர நேரம் கெடக்கு, கேளு. சாயந்தரத்துக்குள்ள இந்தப் பொட்டி பேசணும். பேசலைன்னா எம் மக கல்யாணம் நின்னு போகும். பேசுனாலும் நின்னு போகும். இப்படி ஒரு எக்கச்சக்கத்துல எந்தப் பொம்பளையாவது மாட்டியிருப்பாளா?

எங்க வீட்டுக்காரரு மொளகா கமிஷன் கடையில ஏலம் கூறுறவுக. சவுந்தரபாண்டி அண்ணாச்சின்னு கேட்டா அருப்புக்கோட்டையில சின்னப் புள்ளையும் கை காட்டும். மைக்கு ஒண்ணும் கெடையாது. மூட்டை மேல ஏறி நின்னு ஒரு சத்தம் கொடுத்தாகன்னா ரோட்டுல போற வண்டி நிக்கும். அந்தத் தொண்டையிலதான் கட்டி வந்துச்சு. பொகையிலைய விடுங்க, விடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தான? ஆஸ்பத்திரியில குரல் பெட்டியவே எடுத்துட்டாக. கழுத்துல ஒரு ஓட்டை, அது வழியாத்தான் மூச்சு. கட்டி திரும்ப வராம இருக்கக் கரண்டு வச்சதுல கழுத்து கட்டையாப் போச்சு, ஆமாம் இல்லன்னு தலைய ஆட்டக்கூட முடியாது.

ஆப்பரேஷனுக்கு முன்னாடி அங்க இருந்த ஒரு பொண்ணு, பேச்சுக்குன்னே இருக்கிற டாக்டராம், அவுகளை உக்கார வச்சுப் பேசச் சொல்லிப் பதிஞ்சுச்சு. அவுக ரெண்டாங்கிளாசோட பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவுக, கையெழுத்தத் தவிர ஒரு எழுத்து எழுதத் தெரியாது. அதனால எல்லாம் படம். சொம்பு படத்த அமுக்குனா 'தண்ணி வேணும்'னு அவுக கொரல்லயே சொல்லும். எம் மக படத்த அமுக்குனா 'சங்கரி, சாப்பிட்டியாம்மா'ன்னு கேக்கும். பச்சைய அமுக்குனா 'சரி'. செவப்ப அமுக்குனா 'வேண்டாம்'.

அந்தப் பொட்டி வீடு வந்து சேர மூணு நாலு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் நாந்தான் அவுகளுக்கு வாய். அவுக உதட்ட அசைப்பாக, நான் சத்தமாச் சொல்லுவேன். எம்புட்டு வருசமாப் பாத்த உதடு, என் அளவுக்கு யாரு படிக்க முடியும்? சில நேரம் அவுக சொல்றது சபைக்கு ஆகாது, கொஞ்சம் மாத்திச் சொல்லிருவேன். கடை மொதலாளி பாக்க வந்தப்ப, 'இப்பத்தான் வீட்டுக்கு வழி தெரிஞ்சதாக்கும்'னு அவுக உதடு சொல்லுச்சு. 'நீங்க வந்ததுல ரொம்பச் சந்தோசம்னு சொல்றாக'ன்னு நான் சொன்னேன். குடும்பம் நடத்துறவளுக்குத்தான் அந்தச் சூட்சுமமெல்லாம் தெரியும்.

பொட்டி வந்ததும் மொத மொதல்ல எத அமுக்குனாக தெரியுமா? 'கனகு, நீ கொஞ்சம் சும்மா இரு.' கனகமணின்னு என் பேரு. இருக்கிற கஷ்டத்துல, தொண்டைய அறுக்கப் போற நேரத்துல, அத ஒரு வார்த்தையாப் பதிஞ்சு வச்சிருக்காக பாரு. வீடே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன், வேற என்ன பண்ணச் சொல்ற.

சரி, கல்யாணத்துக்கு வாரேன். எனக்குக் கூடப் பொறந்தது ஒரே ஒரு அண்ணன், காரியாபட்டியில இருக்கான். அவன் மகன் ராஜவேலு. சங்கரி பொறந்த அன்னிக்கே அண்ணன் தொட்டில் சீர் கொண்டாந்து, இவதான் எம் வீட்டு மருமகள்னு சொல்லிட்டான். நானும் சரின்னுட்டேன். தானாடாட்டியும் தன் சதையாடும்பாக, எனக்குப் பொறந்த வீடுன்னு இருக்கிறது அது ஒண்ணுதான. ஆனா எங்க வீட்டுக்காரருக்குப் புடிக்கல. அந்தப் பய மண்டியில மூட்டை தூக்குற ஒருத்தர, அப்பன் வயசுக்காரர, கன்னத்துல அறைஞ்சத இவுக கண்ணால பாத்துட்டாக. 'கை நீட்டுறவன் வீட்டுக்கு எம் மகளை அனுப்ப மாட்டேன்'னு உதட்ட அசைச்சாக. ஆம்பளப் புள்ளைக்குக் கோவம் வரத்தான் செய்யும். எங்க அப்பா அடிக்காத அடியா? எங்க அம்மா வாழலையா?

மகட்டக் கேட்டா, 'அப்பா சொன்னாச் சரி'ங்கிறா. மருந்துக்கடையில வேலை பாக்குறா, நல்ல புள்ள, எதுத்துப் பேச மாட்டா. அண்ணன் மொத தடவை பேச வந்தப்ப, இவுக செவப்ப அமுக்குனாக. வேண்டாம். அண்ணன் முழிக்கான். திரும்பவும் அமுக்குறாக, வேண்டாம். 'பழைய பொட்டிண்ணே, சிக்கிக்கிருச்சு'ன்னு சொல்லி நான் மூடி வச்சேன். அண்ணன் காப்பியக்கூடக் குடிக்காமப் போயிட்டான்.

அப்பத்தான் இந்த அப்டேட்டு வந்துச்சு. தெனமும் பொட்டித் திரையில ஒரு சீட்டு வந்து நிக்கும், புது சிஸ்டம் ஏத்தவா, ஏத்தவான்னு. சங்கரி சொல்லியிருந்தா, 'அம்மா, அதத் தொட்டுறாத. அப்பாவோட புரோகிராம் பழசு, புது சிஸ்டத்துல ஓடாது'ன்னு. சொன்னாதான், இல்லங்கல. அன்னிக்கு அவ கடைக்குப் போயிட்டா, அவுக தூங்குறாக, நான் தூசி தொடைச்சுக்கிட்டு இருக்கேன். நீலக் கலருல அழகா வந்து கேட்டுச்சு. அமுக்குனா சனியன் போயிரும்னு அமுக்கிட்டேன். நான் என்ன வேணும்னா அமுக்குனேன்? அண்ணன் வந்து போன மறுநாளுதான் அது, ஆனா அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

அவுக எந்திரிச்சு வந்து பாத்தா எல்லாம் புதுசா மினுமினுன்னு இருக்கு. படத்தக் காணோம். சொம்ப எங்க, புள்ளை படத்த எங்கன்னு வெரல வச்சுத் தடவித் தடவிப் பாக்காக. அப்பறம் என்னைய நிமிந்து பாத்தாக. அந்தப் பார்வையப் பத்தி நான் பேச மாட்டேன்.

சங்கரி அழுதுட்டு, யார் யார்ட்டயோ விசாரிச்சுட்டு வந்து சொன்னா. அப்டேட் ஆனாலும் பழைய சிஸ்டத்த அது ஒரு ஓரமா மூட்டை கட்டி வச்சிருக்குமாம். பத்து நாள் கெடுவாம். அதுக்குள்ள செட்டிங்குல போயிக் கேட்டா மூட்டைய அவுத்துக் கொடுத்துருமாம், கெடு தாண்டுனா அதுவே தூக்கிப் போட்டுருமாம். 'எடம் பத்தல, பழசை அழிக்கவா'ன்னு கேட்டாலும் அமுக்கக் கூடாது. மொதல்ல அப்பா கொரலு அம்புட்டையும் பென் டிரைவுல ஏத்தி வச்சிரணும். திரும்புறப்ப கரண்டு போகக் கூடாது, நம்ம பொட்டிக்குப் பேட்டரி செத்துப்போச்சு, ஒயரு உருவுனா உசுரு போன மாதிரி. இம்புட்டையும் சாமி வரம் கேக்குற மாதிரி என்ட்ட ஒப்பிச்சா. நீ தலையாட்டுற பாரு, அதே மாதிரிதான் அவளும் சொன்னா. சரியாத்தான் சொல்லியிருக்கா, என்ன?

சரின்னுதான் சொன்னேன். ஆனா ஒரு காரியம் தொடங்கணும்னா நாளு பாக்க வேண்டாமா? மொத நாள் அஷ்டமி. அடுத்த நாள் நவமி. அப்பறம் கரிநாள். ஒரு நாள் மழையும் இடியும், 'கரண்டு போயிரும்டி'ன்னேன், அது நியாயம்தான? அதுக்கெடையில அண்ணன் போன் போட்டான். 'மாமா மனசு மாறிட்டாக, வந்து பூ வச்சிட்டுப் போங்க'ன்னு சொல்லிட்டேன். மாறலைன்னு யாரு சொன்னா? அவுக உதட்டப் படிக்கிறது நாந்தான.

பூ வைக்கிற நாளும் கெடு முடியிற நாளும் ஒண்ணா வந்துச்சு. அதுவும் என் தப்பா? சங்கரி காலையில குளிச்சுட்டு வந்து நேராப் பொட்டி முன்னாடி உக்காந்தா. கொரலப் பென் டிரைவுல ஏத்தி, ரெண்டு தடவை போட்டுப் பாத்து, சாமி அலமாரியில வச்சா. பெறகு திரும்பப் போற பட்டன அமுக்குனா. 'ஏன் திரும்புற, புதுசு நல்லாத்தான இருக்கு'ன்னு அது நாலு கேள்வி கேட்டுச்சு. பெறகு வட்டம் சுத்த ஆரம்பிச்சுச்சு. 'அம்மா, இந்த ஒயரு போற சுவிட்ச் பெட்டிய யாரும் தொடக் கூடாது'ன்னா. சரிடி, சரிடின்னேன். அவுக அந்த அறையிலயே நாக்காலியப் போட்டு உக்காந்துட்டாக. பட்டுச் சட்டை போட்டு விட்டேன், கைய மட்டும் நீட்டுனாக, பார்வைய எடுக்கல.

அண்ணன் வீட்டு ஆளுக வேனுல வந்து எறங்கிட்டாக. பந்தலு, தாம்பூலத் தட்டு, எல்லாம் ரெடி. எங்கள்ல ஒரு வழக்கம் உண்டு பாப்பா. தட்டு மாத்துறதுக்கு முன்னாடி பொண்ணோட அப்பன் சபையில வாயத் திறந்து வார்த்தை கொடுக்கணும். வார்த்தை விழாமத் தட்டு மாறாது. பெரியவரு ஒருத்தரு கேட்டுட்டாரு, 'அண்ணாச்சி வாயால ஒரு சொல்லு வேணுமே'ன்னு. நான் சொல்றேன்னு எந்திரிச்சேன். அதுக்குள்ள சங்கரி அறை வாசல்ல வந்து நின்னு, 'அப்பாவே சொல்லுவாரு, கொஞ்சம் பொறுங்க'ன்னுட்டா. பொறந்ததுலருந்து சபையில வாய் திறக்காத புள்ள.

சபையே பொட்டிக்காகக் காத்துக்கெடக்கு. நாப்பது பர்சென்ட் ஆயிருச்சுங்கிறான் ஒருத்தன், அம்பதுங்கிறான் இன்னொருத்தன். நல்ல நேரம் முடியப் போகுது. அது நூறு ஆயி, படமெல்லாம் வந்து, அவுக வெரலு எதுல போயி விழுகும்? எனக்குத் தெரியும். எங்க அண்ணன் ஊரு முன்னாடி தலை குனிஞ்சு எந்திரிச்சுப் போவான். அப்பறம் எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்குமா, நீயே சொல்லு.

சும்மா உக்காந்தா நாலு பேரு நாலு பேச்சுப் பேசுவாகன்னு, ரேடியோ செட்டுக்காரர்ட்ட ஒரு பாட்டப் போடுங்கன்னேன். பாட்டுக்குன்னு அண்ணன் ஒரு பென் டிரைவு கொடுத்துவிட்டிருந்தான், அதையும் அந்த அலமாரியிலதான் வச்சிருந்தேன். ரெண்டும் கருப்பு. அவசரத்துல ஒண்ண எடுத்துக் கொடுத்தேன்.

கொழா ஸ்பீக்கருல அவுக கொரலு வந்துச்சு.

'தண்ணி வேணும்.' தெருவே கேக்குது பாப்பா. பந்தல்ல இருந்தவுக எந்திரிச்சு நின்னுட்டாக. எத்தனை மாசம் ஆச்சு அந்தக் கொரல அப்படிக் கேட்டு. எதுத்த வீட்டு டீக்கடைக்காரரு கையில கிளாசோட வெளிய ஓடி வந்துட்டாரு. 'கழுத்து வலிக்குது.' 'சங்கரி, சாப்பிட்டியாம்மா.' எம் மக வாயப் பொத்திக்கிட்டு அழுகா. 'கனகு, நீ கொஞ்சம் சும்மா இரு.' அதையும் ஊரு கேட்டுச்சு. அதுக்கு அடுத்தது என்னன்னு எனக்குத் தெரியும், பட்டன் வரிசை எனக்கு அத்துப்படி. பச்சை, அதுக்கப்பறம் செவப்பு.

'சரி.'

அம்புட்டுதான், நான் ஓடிப்போயி, ரேடியோ செட்டுக்குக் கரண்டு போன சுவிட்ச் பெட்டியச் சுவத்துலருந்து அப்படியே புடுங்கி எறிஞ்சேன். 'கேட்டீகள்ல? அவுக வாயாலயே சரின்னு சொல்லிட்டாக, தட்ட மாத்துங்க'ன்னேன். பெரியவரு, 'அண்ணாச்சி கொரலேதான்'னாரு. குலவை போட்டாக. தட்டு மாறிருச்சு.

ஆமா, பொட்டியும் அதே சுவிட்ச் பெட்டியிலதான் சொருகியிருந்துச்சு. ஆத்திரத்துல எந்த ஒயரு எதுன்னு பாக்கவா முடியும்?

எல்லாரும் சாப்பிட்டுப் போன பெறகு அவுக அறையிலருந்து வந்தாக. இருண்டு போன பொட்டிய என் மடியில வச்சாக. வச்சிட்டுப் போயிச் சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டாக. அன்னிலருந்து என்னப் பாத்து உதட்ட அசைக்கிறதில்ல. தண்ணி வேணுமா, கஞ்சி வேணுமா, ஒண்ணும் கெடையாது. உதட்ட இறுக்கி மூடிக்கிர்றாக. வீட்டுல பேசுற வாய் என் ஒருத்தி வாய்தான். பேசிப் பேசி எனக்கே அலுத்துப்போச்சு. ராத்திரி ஒரு கோவத்தையாவது அந்த உதட்டுல காட்டுங்கன்னு கெஞ்சுனேன். சத்தியமாக் கெஞ்சுனேன் பாப்பா.

மக என்ன சொல்றாங்கிற? 'அப்பா கொரல்ல சரின்னு வந்தாத்தான் கழுத்த நீட்டுவேன். இல்லைன்னா மண்டபத்துக்கே வர மாட்டேன்'ங்கிறா. 'அதான் ஊரே கேட்டுச்சேடி'ன்னேன். 'நீ கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லம்மா'ங்கிறா. அண்ணன் இன்னிக்கு சாயந்தரம் பத்திரிக்கை அடிக்கிறதுக்குப் பேச வாரான். அவளே பொட்டிய மதுரைக்கு எடுத்துட்டுப் போறேன்னா. நீ வேலைக்குப் போடி, நான் போறேன்னு வாங்கிட்டு வந்துட்டேன். அவ போனா அப்படியே சரி பண்ணிக் கொண்டாந்துருவா.

பாத்துச் சொல்லு, இது பொழைக்குமா? அப்படியா? பாதியில நின்னா என்ன, பழைய சிஸ்டத்தையே புதுசா ஏத்திரலாமா? கெடுவெல்லாம் தாண்டிப்போனாலும் முடியுமா? புதுசா எதையும் ஏத்துறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிறத மொதல்ல வெளிய எடுத்து வைக்கணுமா? அதான், அதான். கொரலு வேற எங்கயும் இருக்கான்னா கேக்குற?

இந்தா. அந்தப் பென் டிரைவ முந்தியில முடிஞ்சு வச்சிருக்கேன். ரேடியோ செட்டுக்காரர்ட்டருந்து அன்னிக்கே வாங்கிட்டேன். மகட்ட தொலைஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்கேன், அத விடு. உன் லேப்டாப்புல சொருகிப் பாரு. எல்லாம் இருக்கட்டும். தண்ணி, கஞ்சி, வலி, சங்கரி. 'கனகு சும்மா இரு' அதுவும் இருக்கட்டும், நான் கேட்டுக்கிர்றேன். அந்த ஒண்ண மட்டும் எடுத்துரு. செவப்பு இருக்கில்ல, அது. படம் இருக்கட்டும். அமுக்குனா சத்தம் வரக் கூடாது. பழைய பொட்டி, ஒண்ணு ரெண்டு வேலை செய்யாமப் போறது சகஜம்தான?

ஏன் அப்படிப் பாக்குற? நான் என்ன ஆளையா கொல்லச் சொன்னேன்? ஒத்தச் சொல்லு. அது இல்லாட்டி அவுக நாலு பேரு முன்னாடி பச்சைய அமுக்கித்தான ஆகணும். எல்லாரும் நல்லா இருப்போம்.

என்னது, ரெண்டு எடத்துல இருக்கா? ஒண்ணு அந்தச் சொல்ல மட்டும் வெட்டுனது, ஒண்ணு வெட்டாம முழுசாப் பதிஞ்சதா? அப்ப ரெண்டையும் எடுக்கணும். எது எதுன்னு உனக்குத் தெரியாதா, கேட்டாத்தான் தெரியுமா? கொடு, நானே கேட்டுச் சொல்றேன். இத எப்படிக் காதுல வைக்கிறது? ம், ஆச்சு, போடு.

தண்ணி. இது இல்ல. இதுவும் இல்ல. இது சங்கரி. இது என் வசவு. 'சரி', இதுக்கு அடுத்தது. போடு.

இரு.

இதுல என் சத்தம் வருது.

வருது பாப்பா. அவுக மெதுவா 'வேண்டாம்'ங்கிறாக, காத்து மாதிரி. அன்னிக்கே தொண்டை அடைச்சுத்தான் கெடந்துச்சு. பக்கத்துல நான் சொல்றேன், 'இது ஒரு கொரலா? இப்படிச் சொன்னா உங்க பேச்ச எவன் மதிப்பான்? நல்லாச் சத்தமாச் சொல்லுங்க. வேண்டாம்னா வேண்டாம்னு நாலு பேரு காதுல விழணும்.' அதுக்கப்பறம்தான் அவுக சொல்றாக, மூட்டை மேல ஏறி நின்னு கூறுற கொரல்ல.

நானா சொன்னேன்? எனக்கு நெனப்பே இல்ல. ஆனா என் சத்தம்தான்.

எனக்கு அழுகை வருது, இது என்ன கூத்து. மாட்டுத்தாவணி ஸ்டாண்டு வந்துருச்சா? வரட்டும், எறங்குறவுக எறங்கட்டும். கண்டக்டர் தம்பி, செத்த இருப்பா. நீ ஏன் இப்பவே அழிக்கப் போற, கைய எடு பாப்பா. அந்த ஒண்ண இன்னொருக்காப் போடு.